மலைச்சரிவில் மண் பரிசோதனை: வாசகர் கேள்விகள்

கே: போர்வெல் போட்டபோது 40 அடியில் பாறை வந்ததாக வண்டிக்காரர் சொன்னார். வீடு கட்டத் தனியாக மண் பரிசோதனை வேண்டுமா? (கோத்தகிரி)

வேண்டும். போர்வெல்லில் காற்று மேலே தள்ளுவது வெறும் தூள். அஸ்திவாரம் உட்காரும் முதல் 15 அடி மண்ணின் பலத்தை அது சொல்லாது.

கே: எத்தனை துளை, எவ்வளவு ஆழம்? (கேத்தி)

எத்தனை மாடி? சரிவு எவ்வளவு? மண்ணை வெட்டப் போகிறீர்களா, நிரப்பப் போகிறீர்களா? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் எப்படி? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள். சரிவின் மேல்பக்கம் ஒன்று, கீழ்பக்கம் ஒன்று என்பது மட்டும் குறையக் கூடாது.

கே: வாஷ் போரிங் (தண்ணீரைப் பீய்ச்சித் துளையிடுவது) மலிவாக இருக்கிறதே? (கூடலூர்)

துளையை இறக்க மட்டும் சரி. தண்ணீரோடு வெளிவரும் சேற்றை மண் மாதிரி என்று வாங்கிக்கொள்ளாதீர்கள்.

கே: 4 மீட்டர் ஆழத்தில் எஸ்.பி.டி. (குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கி மண்ணின் பலம் பார்க்கும் சோதனை) சுத்தியல் 50 முறை விழுந்தும் குழாய் இறங்கவில்லை. பாறை வந்துவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். நிம்மதியாக இருக்கலாமா? (குன்னூர்)

இருக்காதீர்கள். நம் நீலகிரியின் சார்னோகைட் பாறை ஒரே சீராகச் சிதைவதில்லை. விரிசல் வழியே தண்ணீர் இறங்கிச் சுற்றுப்புறம் செம்மண்ணாகவும் களிமண்ணாகவும் மாறிவிடும். நடுவில் சிதையாத உருண்டைக் கல் நிற்கும். ஆட்டுக்கல் அளவும் இருக்கும், லாரி அளவும் இருக்கும். 75 செ.மீ. உயரத்திலிருந்து விழும் 63.5 கிலோ சுத்தியலுக்கு இரண்டும் ஒன்றுதான். வைர பிட் (வைரம் பதித்த வெட்டுமுனை) மாட்டி, இரட்டைக் குழாய் கோர் பேரலில் (அறுத்த பாறையை உருளைத் துண்டாக உள்ளே பிடித்துவரும் குழாய்) 3 மீட்டராவது அறுத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு தளத்தில், அப்படி எடுத்த துண்டுகளை ஆழ வரிசையில் அடுக்கிய கோர் பெட்டியைத் திறந்தேன். ஒரு மீட்டருக்குக் கருநீலத் துண்டுகள், தட்டினால் கணீரென்றன. அடுத்த வரிசையில் விரலால் நசுங்கும் மஞ்சள் களிமண். அந்த ஒரு மீட்டரோடு நிறுத்தியிருந்தால் தூண்கள் எதன்மேல் நின்றிருக்கும்? துளையிடும் ரிக்கின் ஒரு நாள் வாடகையை மிச்சம் பிடிக்க, அறிக்கையில் "பாறை" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். 2009 நவம்பர் மழையில் 40 பேருக்கு மேல் மண்ணுக்குள் பறிகொடுத்த மாவட்டத்தில் இப்படிச் செய்ய எப்படி மனம் வருகிறது? பாறை என்று சொன்னால் கோர் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கே: மார்ச்சில் துளையிட்டோம், நீர்மட்டம் இல்லை என்று அறிக்கை. (குந்தா)

மார்ச்சில் பார்த்தால் இருக்காது. ஓட்டையிட்ட பிளாஸ்டிக் குழாயைத் துளைக்குள் இறக்கி, மழைத்தண்ணீர் நேராக விழாதபடி மூடி வையுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வாரம் ஒரு முறை அளந்து எழுதுங்கள். குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் அக்டோபர், நவம்பரில் அளக்க வேண்டும்; அங்கே பெருமழை அப்போதுதான்.