மாண்டிசோரி, வால்டார்ஃப், சார்லட் மேசன்: வீட்டில் எதை எதோடு சேர்க்கலாம்?

கேள்வி: எங்கள் பிள்ளைகளுக்கு வயது 5, 9. வீட்டிலேயே படிக்கிறார்கள். மாண்டிசோரி, வால்டார்ஃப், சார்லட் மேசன் என்ற மூன்று கல்வி முறைகளிலிருந்தும் பிடித்ததை எடுத்துச் செய்கிறேன். சின்னவனுக்கு இப்போதே எழுத்து சொல்லித் தரலாமா, காத்திருக்கவா என்று தெரியவில்லை. கலப்பதே தப்போ?

பதில்: கலப்பது தப்பில்லை. ஆனால் ஒரே பாடத்துக்குள் இரண்டு முறையைப் போட்டுக் கலக்காதீர்கள், பாடத்துக்கு ஒரு முறை என்று பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் திகைத்து நிற்கிற இடம்தான் மாண்டிசோரியும் வால்டார்ஃபும் நேருக்கு நேர் முட்டிக்கொள்கிற இடம். 1907இல் ரோமில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரியின் முறையில், மூன்று நான்கு வயதுக் குழந்தை உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்லும். 1919இல் ஸ்டுட்கார்ட்டில் ருடால்ஃப் ஸ்டைனர் தொடங்கிய வால்டார்ஃப் முறையிலோ முறையான எழுத்துப் பாடம் ஏழு வயதுவாக்கில்தான், அதுவரை கதை, பாட்டு, கைவேலை. இதற்கு நடுவழி கிடையாது. ஒரு வாரம் எழுத்து, மறுவாரம் 'இப்ப வேண்டாம்' என்றால் அவனுக்கு ஒன்றும் பிடிபடாது. கண்ணில் படும் எழுத்தையெல்லாம் 'இது என்ன' என்று கேட்கிறானா? அப்படியானால் உப்புத்தாளை எடுங்கள். கேட்கவில்லையா, கதை சொல்லிக்கொண்டிருங்கள், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

கணக்கில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஒவ்வொரு முறைக்கும் தனி வரிசை உண்டு. மாண்டிசோரியில் பத்து மணி கோத்த கம்பி, அப்படிப் பத்துக் கம்பி சேர்ந்தால் நூறு, பத்து நூறு அடுக்கினால் ஆயிரம் என்று கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் 'கடன் வாங்கிக் கழிப்பது' வரும். பாதியில் வேறு புத்தகத்துக்குத் தாவினால் நடுவில் ஏதோ ஒன்று விட்டுப்போகும், அது பெரும்பாலும் ஒரு வருஷம் கழித்து வகுத்தலில்தான் தெரியவரும்.

தாராளமாகக் கலக்க ஏற்றது, இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசனின் 'திருப்பிச் சொல்லுதல்'. ஒரு பகுதியை ஒரே ஒரு முறை படித்துக் காட்டுங்கள், பிள்ளை தன் வார்த்தையில் சொல்லட்டும், இடையில் கேள்வி கேட்காதீர்கள். வரலாறு, அறிவியல் எதற்கும் பொருந்தும். மூத்த பிள்ளை வாரத்துக்கு ஒன்றை எழுதியும் தரலாம். சின்னவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும், ஆறு வயதுக்கு முன் இதைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்பது மேசனே சொன்னதுதான்.

அப்புறம் நேரம். மேசனுக்குச் சின்ன வகுப்பில் ஒரு பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது, மாண்டிசோரிக்கோ குறுக்கீடில்லாத மூன்று மணி நேரம் வேண்டும். காலையை முழுசாக மாண்டிசோரிக்கு விட்டுவிட்டு, படித்துக் காட்டுவதை மதியம் இரண்டு மூன்று சின்னத் துண்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுக்குள் மாயக்கதை வேண்டாம் என்பது மாண்டிசோரியின் கருத்து. அதை மட்டும் நான் ஏற்கவில்லை. இரவுக் கதையில் பூதம் வந்தால் வரட்டும்.