உடைக்குள் வார்த்த தசை

கேள்வி: சூப்பர் ஹீரோ படங்களில் நடிகரின் மார்பும் தோளும் அவ்வளவு அகலமாகத் தெரிவது உடற்பயிற்சியாலா, உடையாலா? ஜிம்முக்குப் போகும் என் மகன் அதைப் பார்த்து ஏங்குகிறான்.
- வாசகி ஒருவர், வியாசர்பாடி

பதில்: இரண்டாலும்தான் அம்மா, ஆனால் உடையின் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரியது. 1989-இல் வெளிவந்த ‘பேட்மேன்’ படத்தில் மைக்கேல் கீட்டன் அணிந்த கறுப்பு உடையின் மார்புத் தசையும் வயிற்றுக் கட்டுகளும் நுரை ரப்பரில் வார்க்கப்பட்டவை. அதற்குள் கழுத்தைத் திருப்ப முடியாததால், பக்கவாட்டில் பார்க்க வேண்டிய இடங்களில் அவர் உடலோடு சேர்ந்தே திரும்பினார். மெல்லிய துணியுடையிலும் நுட்பம் உண்டு. தசைப் பள்ளங்கள் வரும் இடங்களில் அடர்நிறச் சாயமேற்றி நிழலை உண்டாக்குவார்கள்; இடுப்பை நோக்கிக் குறுகும் தையற்கோடுகள் தோளை விரித்துக் காட்டும்; அடியில் தசை வடிவில் திண்டு வைத்த உள்ளுடை அணிவதும் வழக்கம்.

உங்கள் பகுதிக் குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம் ஒன்றுக்கு மகனை அழைத்துப் போங்கள். பனியனில் ஒல்லியாக நிற்கும் வீரரின் தோள், குத்து விடும் கணத்தில் திரண்டெழுவதை அவனே பார்க்கட்டும். சட்டையில்லாத காட்சிக்கு முன் தண்ணீரைக் குறைத்துத் தசைக்கோடுகளை எழுப்பும் நடிகர்களும் உண்டு. அது உடலுக்குக் கேடு, அதில் மட்டும் அவனை இறங்க விடாதீர்கள்.