செக்குக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்

கேள்வி: காங்கேயம் பக்கத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. தோட்டத்துச் சாளையை (தோட்ட வீட்டை) ஒட்டிய பழைய கட்டுத்தரைக் கொட்டகையைச் செப்பனிட்டு, 3 குதிரைத்திறன் மோட்டார் பூட்டிய மரச்செக்கு ஒன்றை வைத்துத் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் விற்க எண்ணியுள்ளேன். அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் தேங்காய்ப் பருப்பைக் கூலிக்கு ஆட்டித் தரவும் விருப்பம். பட்டறைக்காரர் செக்குக்கு முன்பணம் கேட்கிறார். எந்தப் பதிவை முதலில் செய்ய வேண்டும்?
- வாசகி, காங்கேயம் வட்டம்

பதில்: முன்பணத்தை இப்போது கொடுக்க வேண்டாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் போன்ற மானியக் கடன்கள் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கே உரியவை என்பதால், செக்கை வாங்கி ஓட்டத் தொடங்கிய பின் விண்ணப்பித்தால் உங்கள் தொழில் ஏற்கெனவே நடப்பது என்று கருதப்பட்டு வாய்ப்பு நழுவிவிடும். எனவே பட்டறைக்காரரிடம் விலைப்புள்ளி மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு, திருப்பூர் மாவட்டத் தொழில் மையத்தை முதலில் அணுகுங்கள்.

அடுத்து மின்சாரம். நம் பகுதியில் பலர் சறுக்குவது இங்கேதான். கொட்டகைக்குப் பத்தடி தள்ளிக் கிணற்று மோட்டாரின் மின்பெட்டி இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி இழுத்தால் போதும் என்று தோன்றும். பாசனத்துக்காகத் தரப்பட்ட இலவச மின்சாரத்தில் செக்கு ஓட்டுவது, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடு. பிடிபட்டால் உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு கணக்கிடுவார்கள்; எப்போதிருந்து ஓடியது என்று உறுதிசெய்ய முடியாவிட்டால், சோதனைக்கு முந்தைய 12 மாதங்களுக்கும் சேர்த்தே கணக்கிடுவார்கள். கொட்டகைக்குத் தனி இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். குறுந்தொழிலுக்கான கட்டணப் பட்டியலிலேயே சேர்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் வணிகப் பட்டியலில் சேர்த்துவிட்டால் யூனிட் விலை கூடிவிடும். இயந்திரம் நிறுவுவதற்கான அனுமதியை 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி பெற வேண்டும். மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போதே அதையும் கேட்டுவிடலாம்.

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு எளிது. 2020 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள இதற்கு ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் இல்லை. அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தனியார் தளங்கள் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு இடத்தோடு கட்டுண்டது. சாளையில் ஆட்டி, காங்கேயத்தில் கடை போட்டு விற்றால் இரண்டு இடங்களுக்கும் தனித்தனிப் பதிவு வேண்டும். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் புட்டியில் அச்சிட வேண்டும். பொட்டலமிடாத சமையல் எண்ணெயை விற்பதற்கு 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் தடை விதிக்கின்றன. அறிமுகமானவர் தூக்குவாளியோடு வந்து நின்றால் மறுப்பது சங்கடமானதுதான். ஆனால் அவருடைய பருப்பை ஆட்டி அவருக்கே தருவது வேறு, உங்கள் பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றுவது வேறு. முன்னது கூலி வேலை, பின்னது விற்பனை.

புட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதமும் ஆண்டும், அனைத்து வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, புகார் தொடர்பு எண் ஆகியவை இருக்க வேண்டும். எண்ணெய் ஒரு லிட்டர் ஒரு கிலோ ஆகாது, ஏறத்தாழ 910 கிராம்தான் இருக்கும். ஆகவே கொள்ளளவோடு எடையையும் குறிப்பிடுங்கள். தராசுக்கு முத்திரையிடுவது தொழிலாளர் துறையின் பொறுப்பு.

ஜி.எஸ்.டி. பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், கூலிக்கு ஆட்டுவதாக எழுதியிருப்பதால் சொல்கிறேன். தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கே, ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாத ஆண்டு விற்றுமுதல் வரம்பு 40 லட்சம் ரூபாய். கூலி வேலை என்பது சேவை. அதுவும் சேர்ந்துவிட்டால் வரம்பு 20 லட்சமாகக் குறைகிறது. கூலிக் கணக்கையும் விற்பனைக் கணக்கையும் முதல் நாளிலிருந்தே தனித்தனி நோட்டில் எழுதிவாருங்கள்.

கேள்வி: பொள்ளாச்சியில் வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்து விற்கிறேன், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்கூடத் தேறாது. பாலக்காட்டுக் கடை ஒன்று மாதந்தோறும் சரக்கு கேட்கிறது. இவ்வளவு சிறிய வியாபாரத்துக்கும் ஜி.எஸ்.டி. வேண்டுமா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: வேண்டும். பாலக்காடு உங்களுக்குக் கூப்பிடு தூரமாக இருக்கலாம், சட்டத்துக்கு அது வெளிமாநிலம். மாநிலம் கடந்து பொருள் விற்பவருக்கு மேற்சொன்ன வரம்பு பொருந்தாது. முதல் சரக்கு போவதற்கு முன்பே பதிவு வேண்டும். வரி குறைவு என்று யாராவது சிறு வியாபாரிகளுக்கான இணக்க வரித் திட்டத்தை (காம்போசிஷன்) பரிந்துரைத்தால் ஏற்க வேண்டாம், ஏனெனில் அத்திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்க முடியாது. பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது, ஆனால் பதிந்த பின் விற்பனையே இல்லாத மாதத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். அந்தக் கடையின் ஆர்டர் நிலையானதுதானா என்று உறுதிசெய்துகொண்டு பதியுங்கள்.