பேட்டன் சிக்கிய வயல்: மாதிரி வேலை கேள்வி-பதில்

மதுரை வாசகர்: 1965 இந்தியா-பாகிஸ்தான் போரில் பஞ்சாபின் அசல் உத்தரில் நடந்த சண்டையை 1/35 அளவில் (நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு) டயோரமாவாக, அதாவது பலகை மேல் அமைத்த குட்டிக் காட்சியாகச் செய்ய ஆசை. ஓரடிக்கு ஓரடி பலகை. ஒரு பக்கம் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கி, எதிர்ப்பக்கம் நம் வீரர் அப்துல் ஹமீதின் ஜீப், நடுவில் கரும்பு. ஜீப்புக்குப் பின்னால் மூன்று வீரர்கள். வரைந்து அனுப்பியிருக்கிறேன். சரியாக வருமா?

முதலில் அந்த மூன்று பேரையும் ஜீப்புக்குப் பின்னாலிருந்து நகர்த்திவிடுங்கள். பாவம், அவர்கள் இறந்துவிடுவார்கள். ஜீப்பில் இருப்பது 106 மி.மீ. ரீகாயில்லெஸ் துப்பாக்கி. சுட்டால் பின்வாய் வழியாகவும் நெருப்பும் வாயுவும் பீறிட்டு வரும். அதனால்தான் அவ்வளவு பெரிய குண்டைச் சுட்டாலும் ஜீப் புரளாமல் நிற்கிறது. ஆட்கள் எப்போதும் பக்கவாட்டில்தான் இருப்பார்கள்.

அடுத்தது இடம். எம்47 பேட்டன் குழலோடு சேர்த்து எட்டரை மீட்டர். 1/35-இல் அது 24 செ.மீ. உங்கள் பலகையோ 30 செ.மீ. ஜீப்புக்கும் டாங்கிக்கும் ஐம்பது மீட்டர்தான் தூரம் என்று வைத்துக்கொண்டாலும் மாதிரியில் அது ஒன்றரை மீட்டரை நெருங்கும். கண்காட்சிகளில் குழலும் குழலும் முட்டிக்கொள்ளும்படி வைத்திருக்கும் டயோரமாக்களைப் பார்த்தால் எனக்கு உடனே நகரத் தோன்றும்.

ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஜீப்பும் அதன் ஆட்களும் கரும்புக்குள் மறைந்து காத்திருக்கும் காட்சி ஒன்று. சண்டை ஓய்ந்தபின் சேற்றில் புதைந்து கிடக்கும் பேட்டன் இன்னொன்று. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். இந்திய ராணுவத்தின் நான்காவது மலைப் பிரிவு கால்வாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வயல்களை நனைத்து வைத்திருந்தது. சுற்றிலும் குதிரை லாட வடிவில் நம் டாங்கிகளும் பீரங்கிகளும். 46 டன் எடையுள்ள வண்டி அந்த வயலுக்குள் இறங்கியதும் திணறிப்போனது. எனவே இந்த டயோரமாவில் கதாநாயகன் டாங்கி இல்லை, தரை. உங்கள் நேரத்தில் பாதியைத் தரைக்குக் கொடுங்கள்.

திருச்செந்தூர் வாசகர்: எங்கள் பக்கம் தேரி மண், அதாவது சிவந்த மணல், ஏராளம். அப்படியே பலகையில் தூவிப் பசையால் ஒட்டிவிடலாமா?

ராஜஸ்தான் என்றாலும்கூட யோசிக்க வேண்டும், பஞ்சாபுக்கு வேண்டவே வேண்டாம். அசல் உத்தர் இருக்கும் கேம்கரண் பகுதி ஆற்று வண்டல் சமவெளி. மண் சாம்பல் கலந்த பழுப்பு, நனைந்தால் இருண்ட பழுப்பு. நம் ஊர்ச் செம்மண்ணைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு மண் என்றாலே சிவப்புதான் தோன்றும். அந்தப் பழக்கம் டயோரமாவைக் காட்டிக்கொடுத்துவிடும். குளத்து வண்டல் கிடைத்தால் அது கிட்டத்தட்ட ஒத்துவரும்.

எந்த மண்ணானாலும் மல் துணியில் சலியுங்கள். ஒரு மி.மீ. மணல் துகள், இந்த அளவில் மூன்றரை செ.மீ. கூழாங்கல். சலித்ததை வாணலியில் நன்றாக வறுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை வரும். கடற்கரை மணல் கூடாது, உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இப்போது சேறு. தெர்மாகோலைச் செதுக்கி மேடு பள்ளம் அமையுங்கள். அதன் மேல் ஸ்பிரே பெயின்ட் நேரடியாகப் படக்கூடாது, உருகிக் குழி விழும். சலித்த மண், பிளாஸ்டர், பெவிக்கால், கொஞ்சம் பழுப்பு அக்ரிலிக் வண்ணம், எல்லாவற்றையும் இட்லி மாவுப் பதத்தில் கலந்து பூசுங்கள். பாதி இறுகும்போது டாங்கியின் அடியில் மெல்லிய பாலிதீன் சுற்றி அழுத்தி எடுங்கள். ஒரு பக்கம் ஒரு செ.மீ. கூடுதலாக இறங்கட்டும், நிஜத்தில் அது 35 செ.மீ. சாய்வு. காய்ந்தபின் வண்ணம் பூசி முடித்த டாங்கியை அந்தப் பள்ளத்தில் உட்காரவைத்து, இடைவெளியை அதே கலவையால் அடையுங்கள். சக்கரங்களிலும் செயின்களிலும் அப்புவதும் அதே கலவையாகவே இருக்கட்டும். தரை ஒரு நிறம், டாங்கியில் ஒட்டிய சேறு வேறு நிறம் என்று எத்தனையோ மாதிரிகள் வருகின்றன.

டாங்கி வானத்திலிருந்து விழவில்லை, வந்த தடம் வேண்டும். செயினின் அகலம் 58 செ.மீ., ஆகவே தடம் ஒவ்வொன்றும் 17 மி.மீ. அகலம். சிக்கியபின் ஓட்டுநர் முன்னும் பின்னும் முயன்றிருப்பார் அல்லவா? டாங்கியை நெருங்கும் இடத்தில் தடம் ஆழமாகவும் கலைந்தும் இருக்கட்டும்.

தடத்தில் தேங்கிய தண்ணீருக்கு எபாக்சி ரெசின். ஒரே தடவையில் ஊற்றாமல் இரண்டு மி.மீ. படலமாக விடுங்கள், மொத்தமாக ஊற்றினால் சூடாகும். ஒரு துளி பழுப்பு வண்ணம் கலந்தால்தான் வயல் தண்ணீர். கண்ணாடி மாதிரி அடி தெரிந்தால் அது நீச்சல் குளம்.

ஈரோடு வாசகர்: கரும்பை எதில் செய்வது? ரயில் மாதிரிக்கான மரங்கள் கடையில் கிடைக்கின்றன.

அவை பெரும்பாலும் 1/87 அளவு, நம் 1/35 காட்சிக்குப் பொருந்தாது. ஈர்க்குச்சியின் நுனிப்பக்கம் போதும். கரும்பின் பருமன் மூன்று செ.மீ. என்றால் நமக்கு ஒரு மி.மீ.க்கும் குறைவு. செப்டம்பர்க் கரும்பு ஆளைவிட உயரம், ஆகவே ஏழெட்டு செ.மீ. வெட்டுங்கள். தோகைக்கு, மெல்லிய தாளில் முன்கூட்டியே பச்சை பூசி, ஒன்றரை மி.மீ. அகலக் கீற்றுகளாக நறுக்கி நடுவில் மடியுங்கள். அடித்தோகை காய்ந்து வைக்கோல் நிறத்தில் தொங்க வேண்டும். பலகையின் ஒரு மூலையை மட்டும் அடர்த்தியாக நிரப்புங்கள், பார்ப்பவர் மீதித் தோட்டத்தைத் தானே சேர்த்துக்கொள்வார். டாங்கி வந்த வழியில் ஒடிந்த கரும்பு கிடக்கட்டும்.

கோவை வாசகர்: கையில் டாமியா எம்48ஏ3 கிட் இருக்கிறது. போதுமா?

ஏ3 டீசல் எஞ்சினுக்கு மாற்றிய பிற்கால வடிவம். 1965-இல் பாகிஸ்தானிடம் இருந்தவை பெட்ரோல் வண்டிகள். பின்புறத்தைத் திருத்தும் பொறுமை இல்லையென்றால் இத்தாலெரி அல்லது டாகோம் நிறுவனத்தின் எம்47 கிட் வாங்கிவிடுங்கள். அதுவும் அந்தக் களத்தில் இருந்த வண்டிதான். நினைவுச் சின்னங்களில் நிற்கும் பேட்டன்களைப் பார்த்து நிறம் எடுக்காதீர்கள். அவற்றுக்கு எத்தனை முறை பெயின்ட் அடித்தார்களோ!

சென்னை வாசகி: 1965 இந்திய வீரர்கள் கிட்டில் கிடைக்கவில்லையே, என்ன செய்ய?

இரண்டாம் உலகப் போர் பிரிட்டிஷ் உருவங்களை மாற்றுங்கள். ஐரோப்பியக் களத்து உருவங்களின் கம்பளி மேல்சட்டை செப்டம்பர் வெயிலுக்குப் பொருந்தாது. வட ஆப்பிரிக்காவில் போரிட்ட பிரிட்டிஷ் எட்டாவது படையின் சட்டை போட்ட உடல், முழுக்கால்சட்டைக் கால்கள் என்று சேர்த்தால் வேலை குறையும். தலைப்பாகைக்கு எம்-சீலை உருட்டி, மெல்லிய நாடாவாகத் தட்டிச் சுற்றுங்கள். கையில் .303 ரைபிள் தாராளமாக இருக்கலாம்.

'ஃபிளெஷ்' என்று விற்கும் குப்பியைத் தொடாதீர்கள். அது வெள்ளைக்காரர் நிறம். செம்பழுப்பில் தொடங்கி, மூக்கு, கன்னம், நெற்றியில் மட்டும் கொஞ்சம் வெளிறிய பழுப்பு. கண்ணில் வெள்ளை வேண்டாம். இந்த அளவில் முழுக் கண்ணே ஒரு மி.மீ. கிடையாது, வெள்ளை வைத்தால் பேயைப் பார்த்தவன் போல விழிப்பான். கருப்புக் கலந்த பழுப்பில் ஒரு கோடு போதும்.

ஆவடி வாசகர்: எங்கள் ஊர் விஜயந்தா டாங்கியை இந்தக் காட்சியில் சேர்க்கலாமா?

முடியாது. ஆவடி தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா வெளிவந்தது 1965 டிசம்பரில், சண்டை நடந்தது செப்டம்பரில். இந்தியத் தரப்பில் டாங்கி வேண்டுமென்றால் மூன்றாவது கேவல்ரி படைப்பிரிவின் சென்சுரியன் இருக்கிறது, டக்கான் ஹார்ஸ் படைப்பிரிவின் ஷெர்மன் இருக்கிறது. விஜயந்தாவுக்கு 1971-ஐ எடுத்துக்கொண்டு தனிப் பலகை செய்யுங்கள்.