கணவருக்கு வெளிநாட்டு ஆஃபர் வந்திருக்கு. நானும் ஐடிதான். கூட போனா என் வேலை போயிடுமா? விசா சட்டம்லாம் மாறிடுச்சுன்னு சொல்றாங்களே?

எந்த நாடு, அவருக்கு என்ன விசாங்கறதைப் பொறுத்துதான் பதில் மாறும், நீங்க ரெண்டையும் சொல்லல. அதனால பொதுவா ஒண்ணு சொல்றேன். உங்களுக்கு வேலை பார்க்க அனுமதி இருக்கான்னு மட்டும் கேட்டுட்டு விட்டுடாதீங்க, அந்த அனுமதி எங்கேருந்து வருதுன்னு கேளுங்க. அந்த நாட்டு சட்டத்துலயே இருக்கா, இல்ல ஒரு டிபார்ட்மென்ட் போட்ட விதியா. கவர்மென்ட் வேலைக்கும் கான்ட்ராக்ட் வேலைக்கும் உள்ள வித்தியாசம்தான், கைக்கு வர்ற சம்பளம் ஒண்ணுதான், ஆட்சி மாறுறப்பதான் எது என்னன்னு தெரியும்.

நான் பெங்களூர்ல ஒரு கம்பெனியில ஆளுங்களை வெளிநாட்டுக்கு அனுப்புற டீம்ல இருக்கேன். மகாதேவபுரா பக்கம் ஆபீஸ், கிளம்பறவங்கள்ல நம்மூர் ஆளுங்க நிறைய. ஆஃபர் வந்ததும் சம்பளம் என்ன, வாடகை எவ்ளோ, ஸ்கூல் ஃபீஸ் யாரு கட்டுவான்னு வரிசையா கேப்பாங்க, மனைவியோட விசாவைப் பத்தி யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க, கடைசியில அந்த மனைவியே போன் போட்டு கேக்கறதுதான் வழக்கம். நீங்க முன்னாடியே கேக்கறீங்க, சந்தோஷம்.

அமெரிக்காவையே எடுத்துக்கங்க. அவர் எச்-1பியில (அங்க ஒரு கம்பெனி எடுக்கற வேலை விசா) போனா உங்களுக்கு எச்-4 (கூடப் போற மனைவிக்கான விசா). போன உடனே வேலை பார்க்க முடியாது. 2015 மே மாசம் ஒபாமா ஆட்சியில ஒரு விதி போட்டாங்க, கணவருக்கு கிரீன் கார்டு வழியில ஐ-140 (அவருக்காக கம்பெனி போடற மனு) அப்ரூவ் ஆகியிருந்தா, இல்ல ஆறு வருஷம் தாண்டி எச்-1பி நீட்டிச்சிருந்தா மனைவிக்கு வேலை அனுமதி கார்டு கிடைக்கும். இது காங்கிரஸ்ல, அதாவது அவங்க பார்லிமென்ட்ல, பாஸ் ஆன சட்டம் இல்ல, வெறும் விதி. அதனாலதான் பத்து வருஷம் கேஸ் ஓடுச்சு, ட்ரம்ப் முதல் தடவை வந்தப்ப தூக்கப் போறோம்னு சொல்லிட்டே இருந்தாங்க, கடைசியா 2025 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் கேஸை எடுக்க மாட்டோம்னுடுச்சு. சரி தப்பிச்சாச்சுன்னு பார்த்தா அதே மாசம் 30ஆம் தேதியிலேர்ந்து வேற ஒண்ணு. முன்னாடி கார்டு புதுப்பிக்க அப்ளை பண்ணிட்டா, புது கார்டு வர லேட் ஆனாலும் 540 நாள் வரைக்கும் தானா நீட்டிப்பு உண்டு. அன்னிலேர்ந்து அப்ளை பண்றவங்களுக்கு அது கிடையாது. கார்டு தேதி முடிஞ்சா மறுநாள் லாகின் பண்ணக் கூடாது, அவ்ளோதான். எங்க மூலமா போன ஒருத்தரோட மனைவி, கோயம்புத்தூர்க்காரங்க, நியூஜெர்சியில டெஸ்ட் லீட், கார்டு முடியற தேதியையும் அதுக்கு 180 நாள் முன்னாடி வர்ற தேதியையும் ஃப்ரிட்ஜ் கதவுல எழுதி ஒட்டியிருக்காங்க, ஏன்னா அந்த 180 நாளுக்கு முன்னாடி புதுப்பிக்க அப்ளையே பண்ண முடியாது. டீம்ல அவங்களுக்குக் கீழ ஆறு பேர், ஆனா அடுத்த வருஷ பிளான் கேட்டா பதில் சொல்ல முடியல.

இப்போ எல்-1 பாருங்க. அதே கம்பெனியில கடைசி மூணு வருஷத்துல ஒரு வருஷமாவது தொடர்ச்சியா இங்க வேலை பார்த்து, மேனேஜராவோ ஸ்பெஷல் அறிவு உள்ளவராவோ அங்க மாத்தினா எல்-1. அதுல மனைவி வேலை பார்க்கலாம்னு 2002லயே காங்கிரஸ் சட்டமாவே போட்டாச்சு. 2021 நவம்பர்லேர்ந்து தனி கார்டு கூட வேணாம், ஐ-94ல (அங்க நுழையறப்ப போடற பதிவு) எல்-2எஸ்னு, அதாவது எல்-1காரரோட மனைவின்னு, இருந்தா போதும். பெரிய எம்என்சின்னா ஹெச்ஆர் கிட்ட எல்-1ல அனுப்ப முடியுமான்னு கண்டிப்பா கேளுங்க, கேக்காம அவங்களா சொல்ல மாட்டாங்க (நானும் அந்தப் பக்கத்து ஆளுதான், தெரிஞ்சுதான் சொல்றேன்).

விதியைவிட ஜனாதிபதியோட ஒரு கையெழுத்து எவ்ளோ வேகமா வேலை செய்யும்னு 2025 செப்டம்பர்ல பார்த்தோம். 19ஆம் தேதி வெள்ளிக்கிழமை, வெளிநாட்டுலேர்ந்து புதுசா எச்-1பியில வர்றவங்களுக்கு ஒரு லட்சம் டாலர்னு ட்ரம்ப் கையெழுத்து போட்டார், ஞாயிறுலேர்ந்து அமல். ஆரம்பத்துல பழைய ஆளுங்களுக்கும் சேத்தா, வருஷா வருஷமான்னு யாருக்கும் தெரியல. எங்களுக்கு இங்க சனிக்கிழமை காலை, மறுநாள் மகாளய அமாவாசை, கொலுவுக்குன்னு குடும்பத்தோட வந்திருந்தவங்க பாதிப் பெட்டியைக் கட்டிக்கிட்டு கெம்பகவுடா ஏர்போர்ட்டுக்கு ஓடினாங்க, மனைவி குழந்தைகளை இங்கயே விட்டுட்டுப் போனவங்களும் உண்டு. அப்புறம்தான் புது மனுவுக்கு மட்டும், ஒரு தடவை கட்டினா போதும்னு விளக்கம் வந்துச்சு. இங்கேருந்து எச்-1பி ஆஃபர்னு யாராவது சொன்னா, முதல்ல அந்தப் பணத்தை கம்பெனி கட்டுதான்னு கேளுங்க.

கிரீன் கார்டு வரட்டும், எல்லாம் சரியாயிடும்னு சொல்வாங்க. வேலை வழியா வருஷத்துக்கு சுமார் 1,40,000 கார்டுதான், அதுல எந்த நாட்டுக்கும் 7 சதவீத வரம்பு, அந்தக் கணக்குல மனைவி குழந்தைகளும் சேத்தி, அதனால நம்ம ஆளுங்களுக்கு வரிசை ரொம்ப நீளம். வரிசையில நிக்கும்போதே பையனுக்கு 21 ஆயிட்டா அவன் தனி விசா தேடணும். குழந்தை இப்போ பத்து பன்னெண்டு வயசுன்னா இதை யோசிச்சே ஆகணும்.

ஜெர்மனி இந்த விஷயத்துல நிம்மதி. ப்ளூ கார்டு (படிச்ச வேலையாளுங்களுக்கான அனுமதி) வாங்கினவரோட மனைவிக்கு முதல் நாள்லேர்ந்தே எந்த வேலையும் பார்க்க அனுமதி, வர்றதுக்கு முன்னாடி ஜெர்மன் பரீட்சையும் எழுத வேணாம், எல்லாம் சட்டத்துலயே இருக்கு. 2023 நவம்பர் சீர்திருத்தத்துல சம்பள வரம்பைக் குறைச்சாங்க, டிகிரி இல்லாத ஐடி ஆளுங்களுக்கும் மூணு வருஷ அனுபவம் இருந்தா ப்ளூ கார்டுன்னாங்க. அனுமதி கிடைக்கறது வேற, வேலை கிடைக்கறது வேற, ஐடியைத் தாண்டினா மொழி வேணும். பெங்களூர்லன்னா இந்திராநகர்ல ஜெர்மன் சொல்லித் தர்ற கோதே நிலையம் இருக்கு, இப்பவே சேந்துடுங்க.

பிரிட்டன்ல நீங்க தாராளமா வேலை பார்க்கலாம், ஆனா விதிகளை உள்துறை அடிக்கடி மாத்தும். அவருக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச வருஷ சம்பளம் 2024 ஏப்ரல்ல 38,700 பவுண்டு, அடுத்த வருஷம் ஜூலையில 41,700. ஹெல்த் சர்சார்ஜ் (அங்க அரசு மருத்துவத்துக்குக் கட்டற பணம்) வேற, பெரியவங்களுக்கு வருஷம் 1,035, குழந்தைக்கு 776. நீங்க ரெண்டு பேரும் ஒரு குழந்தையும், 3 வருஷம்னா 8,538 பவுண்டு முன்னாடியே கட்டணும், விசா ஃபீஸ் தனி. இதை யாரு கட்டறாங்கன்னு ஆஃபர் லெட்டர்ல எழுதி வாங்குங்க. கனடாவுல 2025 ஜனவரிலேர்ந்து துணைக்கு ஓப்பன் பெர்மிட் (எந்தக் கம்பெனியிலயும் வேலை பார்க்கற அனுமதி) எல்லாருக்கும் இல்ல, ஆனா சாஃப்ட்வேர் இன்ஜினியர் வேலைன்னா இன்னும் உண்டு, அவர் பெர்மிட்ல 16 மாசமாவது பாக்கி இருக்கணும்.

எந்த நாடா இருந்தாலும் நம்ம ஆளுங்க மாட்டற இடம் இன்ஷியல். உங்க பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருந்தா அமெரிக்க விசாவுல உங்க பேரு சர்நேம் இடத்துக்குப் போயிடும், முதல் பேர் இடத்துல எஃப்என்யூன்னு (முதல் பேர் தெரியாதுன்னு அர்த்தம்) வரும், பேங்க்லேர்ந்து சம்பளச் சீட்டு வரைக்கும் அது கூடவே வரும். அதை இப்பவே சரி பண்ணுங்க. கல்யாணப் பத்திரிகையும் கோயில் ரசீதும் செல்லாது, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதிஞ்ச சர்டிபிகேட்தான் வேணும், இன்னும் பதியலன்னா லீவு போட்டு ஊருக்குப் போயாவது வாங்கிடுங்க, அதுல உள்ள பேரும் ரெண்டு பேர் பாஸ்போர்ட்ல உள்ள பேரும் எழுத்து மாறாம இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் அப்ளை பண்ணுங்க.