காவல் நிலையத்துக்குக் கணினியும் கேமராவும் வந்த பிறகு சாமானியனுக்கு நியாயம் எளிதாகிவிட்டதா?

பாதி எளிதாகியிருக்கிறது. மீதிப் பாதி, அந்தக் கணினி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எனக்கு நேர்ந்ததிலிருந்தே சொல்கிறேன்.

2022 ஆடி மாதம், வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த என் பைக் திருட்டுப் போனது. விடியற்காலையில் கோலம் போட வந்த அம்மாதான் முதலில் பார்த்தார். பைக் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. ஆர்.சி. நகலோடு மனு எழுதிக்கொண்டு காவல் நிலையம் போனேன். ரைட்டர், அதாவது நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் காவலர், மரியாதையாகவே பேசினார். "தேடிப் பார்ப்போம் தம்பி, இப்போதைக்கு சி.எஸ்.ஆர். வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு ரசீதைக் கொடுத்தார். ஓர் எண், ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து. வழக்குப் பதிவாகிவிட்டது என்றே நம்பி அதைப் பத்திரமாக மடித்து வைத்தேன்.

காப்பீட்டுக்குப் போனபோதுதான் உண்மை தெரிந்தது. சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சி மட்டுமே. காப்பீட்டு நிறுவனம் கேட்டது எஃப்.ஐ.ஆர்., அதாவது வழக்குப் பதிந்ததைக் காட்டும் முதல் தகவல் அறிக்கை.

இப்படியொரு திருட்டுப் புகாருக்கு வழக்குப் போடுவது காவல்துறையின் விருப்பம் அல்ல, கடமை. கைது செய்ய வாரன்ட் தேவைப்படாத குற்றம் நடந்திருப்பதாகப் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016இல் இன்னொரு வழக்கில், பதிவான எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றும் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்றவை மட்டும் விலக்கு. அதை நம்பி நான் இரவுதோறும் காவல்துறை இணையதளத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு என்று தேடிக்கொண்டிருந்தேன். போட்டிருந்தால்தானே கிடைக்கும்?

ஏன் தயங்குகிறார்கள் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ரைட்டர் கெட்டவர் அல்ல. ஒரே கணினியை வைத்துக்கொண்டு பந்தோபஸ்து, சம்மன், நீதிமன்றத் தபால் எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டிருந்தார். ஆனால் கணினி எண்ணுவது எஃப்.ஐ.ஆர்களைத்தான். புகார்களை நேர்மையாகப் பதிகிற நிலையத்தில் குற்றம் பெருகியதாகக் கணக்கு காட்டும். சி.எஸ்.ஆரோடு நிறுத்திக்கொள்கிற நிலையம் அமைதியான ஊரில் இருப்பதாகத் தோன்றும். இந்தக் கணக்கை வைத்து அதிகாரிகளைக் கேள்வி கேட்கும் வழக்கம் இருக்கும்வரை, எத்தனை கோடி செலவழித்து மென்பொருள் வாங்கினாலும் என்னைப் போன்றவர்கள் ரசீதோடு அலையத்தான் வேண்டியிருக்கும்.

பைக் விஷயத்தில் போனது பணம். சாத்தான்குளத்தில் போனது இரண்டு உயிர். 2020 ஜூன் 19 அன்று ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜை நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள், அவரைத் தேடிப் போன மகன் பென்னிக்ஸையும் பிடித்து வைத்தார்கள். அங்கே அடித்துத் துன்புறுத்தப்பட்ட இருவரும் சில நாட்களுக்குள் இறந்துபோனார்கள். அந்த நிலையத்தில் கேமரா இருந்தது, ஒரு டெராபைட் சேமிப்பு இடமும் இருந்தது. ஆனால் பதிவுகள் அன்றாடம் தானாகவே அழிந்துபோகும்படி வைத்திருந்ததாக, விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பினார். அதைச் செய்தித்தாளில் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இயந்திரம் பழுதாகவில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து அதை அப்படி அமைத்திருக்கிறார்.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில், லாக்கப், வராந்தா, ஆய்வாளர் அறை எனக் காவல் நிலையம் முழுவதும் ஒலியும் பதிவாகும் கேமரா வைத்து, பதிவுகளை 18 மாதம் பாதுகாக்க வேண்டும், அந்த வசதி கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் பதிவுப் பெட்டி அதே நிலையத்தின் ஒரு மூலையில் இருந்தால் எனக்கு நம்பிக்கை வராது. குற்றச்சாட்டுக்கு ஆளாகக் கூடியவரிடமே சாட்சியத்தின் சாவியை எப்படிக் கொடுக்க முடியும்? பதிவு நேரடியாக மாவட்ட நீதிமன்றத்தின் பொறுப்புக்குப் போய்ச் சேர வேண்டும்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் புகார் கொடுக்கப் போகிறவர் என்றால்: சி.எஸ்.ஆரைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள், அதுவும் இல்லாமல் திரும்பாதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154(3) பிரிவில் இருந்த அந்த உரிமை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 173(4) பிரிவாக இருக்கிறது. நான் சி.எஸ்.ஆர். நகலை இணைத்து அனுப்பினேன். மூன்றாவது வாரம் நிலையத்திலிருந்து அவர்களே கூப்பிட்டு எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் கொடுத்தார்கள். அந்த நகலுக்குக் கட்டணம் கிடையாது. பைக் கிடைக்கவில்லை.