நாடித்துடிப்பு 38: முப்பத்தாறு வயதில் தெரியவந்த பிறவி இதயக் கோளாறு

கேள்வி (மும்பை செம்பூர் வாசகி): தம்பிக்கு 36 வயது. மூன்று வாரமாகத் தலைசுற்றல். சயான் ஸ்டேஷன் படியேறினால் மூச்சு வாங்குகிறது. நாடித்துடிப்பு 38. முழு ஹார்ட் பிளாக், பிறவியிலேயே இதயத்தின் கீழறைகள் இடம் மாறியிருக்கின்றன என்கிறார்கள். இவ்வளவு நாள் தெரியாமல் இருக்குமா? பேஸ்மேக்கர் வைத்தால் போதுமா?

பதில்: இருக்கும். இதன் பெயர் கன்ஜெனிட்டலி கரெக்டட் டிரான்ஸ்பொசிஷன். கீழறைகள் இடம் மாறியிருக்கும். அவற்றிலிருந்து கிளம்பும் பெருங்குழாய்களும் மாறியிருக்கும். மாற்றி வைத்ததை மறுபடி மாற்றினால் பழைய இடத்துக்கே வந்துவிடும் அல்லவா? கெட்ட ரத்தம் நுரையீரலுக்கும் நல்ல ரத்தம் உடம்புக்கும் ஒழுங்காகவே போகும். கூடவே ஓட்டையோ வால்வுக் குறுக்கமோ இல்லாதவர்களுக்கு உடல் நீலம் பாரிக்காது, யாருக்கும் சந்தேகமும் வராது.

ஆனால் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்னோட்டம் போகும் பாதை வழக்கத்தைவிட நீளம், பலவீனம். ஆண்டுக்கு 100 பேரில் சுமார் 2 பேருக்கு அது அறுந்துபோகிறது; இதுதான் முழு ஹார்ட் பிளாக். தம்பிக்கு நடந்திருப்பது அதுதான். ஆகவே பேஸ்மேக்கரைத் தள்ளிப்போடாதீர்கள். அதுவரை தனியாக லோக்கல் ரயில் ஏற வேண்டாம். மெட்டோபிரோலால், டில்டியாஸெம் போன்ற மாத்திரை சாப்பிட்டு வந்தால் இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்; அவை துடிப்பை இன்னும் குறைக்கும். மயக்கம் வந்தால் 108.

பொருத்துவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். உள்ளே ஓட்டை இருக்கிறதா? இருந்தால் பேஸ்மேக்கரிலிருந்து இதயத்துக்குள் போகும் ஒயரில் கட்டும் ரத்தக்கட்டி மூளைக்குப் போகலாம். ஒயர் திருகி நிற்கும் வகையா? நுரையீரலுக்கு ரத்தம் தள்ளும் அறையின் உட்சுவர் இவர்களுக்கு வழவழப்பாக இருப்பதால், கொக்கி மாதிரி மாட்டும் ஒயர் நழுவும். மூன்றாவதுதான் முக்கியம்: எப்போதும் ஒரே அறையிலிருந்து தூண்டினால் இரண்டு கீழறைகளும் ஒத்துத் துடிக்காது, உடம்புக்கு ரத்தம் தள்ளும் மெயின் பம்ப் நாளடைவில் தளரும். இரண்டையும் சேர்த்துத் தூண்டும் சிஆர்டி தேவையா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். முடிந்தால் இதய எம்ஆர்ஐயையும் முன்னாலேயே எடுத்துவிடலாம்; பின்னால் எடுத்தால் பேஸ்மேக்கர் படத்தில் நிழல் விழுத்தும்.

பேஸ்மேக்கரோடு முடியாது. நுரையீரலின் குறைந்த அழுத்தத்துக்கென்று அமைந்த வலது கீழறை 36 வருடமாக உடம்பு முழுக்க ரத்தம் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதன் வாசலில் இருக்கும் டிரைகஸ்பிட் வால்வு கசிவதுதான் அடுத்த ஆபத்து. கசிவு கடுமையாகி மூச்சும் வாங்கினால், பம்பின் திறன் (ஒவ்வொரு துடிப்பிலும் அறையிலுள்ள ரத்தத்தில் வெளியேறும் பங்கு) 40 சதவீதத்துக்குக் கீழே இறங்குமுன் வால்வை மாற்ற வேண்டும். ஆண்டுதோறும் எக்கோ (இதய ஸ்கேன்) எடுங்கள். மற்றவர்களுக்கு அந்த இடத்தில் இருப்பது மைட்ரல் வால்வு; அதனால் எக்கோ ரிப்போர்ட்டில் வெறும் 'மைட்ரல் கசிவு' என்று எழுதியிருந்தால், இடமாற்றம் கவனத்தில் இருந்ததா என்று கேளுங்கள். பிறவி இதயநோய் பார்ப்பவர் குழந்தைகள் பிரிவில் இருந்தாலும் அவரிடமே போங்கள்.

ஈசிஜியின் நகல் போனில் இருக்கட்டும். இவர்களுடைய ஈசிஜியில் இயல்பாகவே தெரியும் க்யூ அலைகளைப் பழைய மாரடைப்பு என்று வாசித்துவிடுவதுண்டு.